வாரோவின் பாசியும் பாறையும்: ஒத்தி உரிக்கும் முறை

ரெமெடியோஸ் வாரோவின் ஓவியங்களில் பாசியும் அரித்த பாறையும் பல இடங்களில் தூரிகையால் வந்தவை அல்ல. ஈரச் சாயத்தின் மேல் ஒரு தாளை ஒத்தி உரித்ததால் வந்தவை. 1936இல் ஒஸ்கார் டொமிங்கெஸ் என்ற ஓவியர் இதைச் சர்ரியலிஸ்டுகளிடம், அதாவது கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கியவர்களிடம், கொண்டுவந்தபோது விழுந்த கறையே படம். வாரோவோ முழு அளவில் கோட்டுப்படம் கீறி, அதைப் பலகைக்கு மாற்றி, ஒதுக்கிய இடத்தில் மட்டுமே கறையை விட்டார். தகப்பன் நீரியல் பொறியியலாளர். தொழில்நுட்பக் கோடு சிறுவயதிலேயே பழகியது. 1908இல் ஸ்பெயினில் பிறந்தவர், நாசிகளுக்குத் தப்பி 1941இல் மெக்சிகோ போனார். அங்கே பேயர் மருந்துக் கம்பனிக்கு விளம்பரப் படம் கீறிப் பிழைத்தார். பேர் சொல்லும் ஓவியங்களில் பெரும்பாலானவை 1963இல் இறப்பதற்கு முந்திய பத்தாண்டில் வந்தவை.

பழக, மட்டக்களப்பு வாவியின் கண்டல் கரை நல்ல பொருள். 30 × 40 செ.மீ. ஹாட்போட்டின் வழவழப்பான பக்கத்தை 220 இலக்க சான்ட் பேப்பரால் தேய்த்து, ஜெஸோவை (சாயத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) மெல்லிதாக நான்கு பூச்சுப் பூசுங்கள். பின்பக்கத்துக்கும் விளிம்புக்கும் ஒவ்வொரு பூச்சு வேண்டும். விட்டால் மாரி ஈரத்தில் பலகை வளையும். தாளில் முன்பே கீறிய படத்தை டிரேசிங் தாளால் பலகைக்கு மாற்றி, கோடுகளை நீரில் கரையாத மையால் உறுதிப்படுத்துங்கள். வெறும் பென்சில் என்றால் டர்பன்டைன் பட்டதும் கலங்கிவிடும்.

சாயம் எண்ணெய்ச் சாயமாகவே இருக்கட்டும். கச்சான் காற்று நாட்களில் அக்ரிலிக், தாளை வைக்குமுன்பே காய்ந்துவிடும். பேர்ன்ட் அம்பர் என்ற கடும் மண்ணிறச் சாயத்தில் சிறிது லின்சீட் எண்ணெய் கலந்து, கண்டலின் வேர்ப்பகுதியில் மட்டும் தடவுங்கள். தடித்த பொலித்தீனை அந்த வடிவத்துக்கு வெட்டி வைத்து, விரலால் அழுத்தி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். காற்று உள்ளே புகும்போது சாயம் கிளைகிளையாகப் பிரியும். கிளை வராமல் நிறம் மட்டும் ஒட்டினால் சாயம் மெல்லிது. குழம்பித் தட்டையானால் அதிகம். துடைத்துவிட்டுத் திரும்பச் செய்யலாம், ஈரமாக இருக்கும்வரை.

சாயம் இறுகத் தொடங்கியதும் ஊசியால் சுரண்டினால் ஜெஸோவின் வெள்ளை தெரியும். தலைமுடிக்கும் ஒளிக்கற்றைக்கும் வாரோ செய்தது இதுதான். ஜெஸோவை இரண்டு பூச்சோடு நிறுத்தியவர்களுக்கு இங்கேதான் வினை: வெள்ளைக்குப் பதில் ஹாட்போட்டின் மண்ணிறம் தெரியும். முழுதாய்க் காய்ந்தபின் சுரண்டினால் சாயம் செதிலாகப் பெயரும். சுரண்டல் முடிந்து, சாயம் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின்னரே நுண்தூரிகையால் ஆளையும் தோணியையும் தீட்டுங்கள்.