மண்ணுக்கடியில் போகும் கண்ட்யூட்: தண்ணீர் பேனலுக்கு ஏறாமல் அடைப்பது எப்படி

கண்ட்யூட், அதாவது மின்கேபிள் போக மண்ணுக்கடியில் போட்ட பைப்புக்குள் தண்ணீர் சேரும். எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் சேரும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் மீதி வேலை நேராகிவிடும். பைப்பின் வெளிமுனை திறக்கும் கேபிள் குழியில் இறங்கும் மழைநீரும் ஜாயின்ட்டில் கசிவதும் எல்லோருக்கும் தெரியும். பலர் கணக்கில் எடுக்காதது காற்று. வெதுவெதுப்பான ஈரக்காற்று பைப்பின் வாய் வழியாகப் புகுந்து, மண்ணின் குளிர்ச்சி பட்டதும் நீராகிவிடுகிறது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போலத்தான்.

அதனால் பைப்பை உலர்வாக வைக்க நான் முயல்வதே இல்லை. உள்ளே போகும் கேபிள் ஈரத்தில் கிடக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும், தண்ணீர் கட்டடத்தில் உள்ள மின்பேனலுக்கு வரக் கூடாது. இந்த இரண்டுதான் குறி. இதற்கு முதலில் வாட்டம், அப்புறம்தான் அடைப்பு.

பைப் கட்டடத்திலிருந்து வெளிக்குழியை நோக்கி இறங்க வேண்டும். மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டமாவது கொடுங்கள். நடுவில் தொய்வு விழுந்தால் தண்ணீர் அங்கேயே தங்கும். ஆகவே மண் மூடுவதற்கு முன் மட்டம் பார்த்துவிடுங்கள். குழியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் இறங்கிவிடும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தில் ஜல்லியால் பயன் இல்லை. அங்கே பம்ப் வேண்டும், இல்லாவிட்டால் நீரழுத்தம் தாங்கும் அடைப்பு வேண்டும்.

பிவிசி பைப்பை நேராக அறுத்து, உள்பக்கப் பிசிறை எடுத்துவிடுங்கள். அது கேபிளின் மேலுறையைக் கீறும். சால்வென்ட் சிமென்ட் தடவி, கால் சுற்று திருப்பிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எச்டிபிஇ (பாலிஎதிலீன் பிளாஸ்டிக்) பைப்பில் இந்த சிமென்ட் பிடிக்காது. அதைச் சூடாக்கி உருக்கி இணைக்க வேண்டும், அல்லது ரப்பர் வளையம் உள்ள கப்ளிங் போட வேண்டும்.

இனி வாயை அடைப்பது. மின்சாரத்தை நிறுத்தி, வேறு யாரும் போடாதபடி சுவிட்சைப் பூட்டி, மின்சாரம் இல்லை என்று டெஸ்டர் வைத்து உறுதி செய்த பிறகே கை வையுங்கள். கேபிள் இழுக்கும்போது பூசிய வழவழப்பையும் சேற்றையும் துடைத்து, ஈரம் போகக் காய வையுங்கள். பாதி அடைப்புகள் கெடுவது இந்த இடத்தில்தான். வழவழப்பின் மேல் எதுவும் ஒட்டாது.

தண்ணீர் நிற்காத வாய்க்கு, இறுகாத டக்ட் சீல் புட்டி போதும். கையில் பிசைந்து இளக்கி, கேபிள்களை விரல் வைத்து விலக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அழுத்துங்கள். மூன்று கேபிள் ஒட்டிக் கிடந்தால் மையத்தில் முக்கோண இடைவெளி இருக்கும். வெளியே அழகாகப் பூசி அந்த இடைவெளியை விட்டுவிட்டால் தண்ணீர் அதன் வழியே வரும். முடித்ததும் மெல்லிய காகிதத் துண்டை வாயருகே பிடியுங்கள். அது அசைந்தால் காற்று வருகிறது; காற்று வந்தால் ஈரமும் வரும்.

வாய்க்கு மேல் தண்ணீர் நிற்கும் இடத்தில் புட்டியை நம்பாதீர்கள். 1 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம் கொடுக்கும், அது புட்டியை மெல்லத் தள்ளிவிடும். அங்கே போல்ட் முறுக்கினால் விரியும் ரப்பர் சீல், அல்லது கண்ட்யூட்டுக்கென்றே வரும் இரண்டு கலவை ஃபோம் வேண்டும். கதவுச் சட்டத்துக்கு அடிக்கும் சாதாரண ஃபோமை நான் தொடவே மாட்டேன். கேபிளோடு இறுகிவிடும், பிறகு இன்னொரு கேபிள் இழுக்க முடியாது, மேலுறைக்கு ஒத்துவருமா என்பதற்கும் உறுதி இல்லை. வினிகர் வாசனை அடிக்கும் சிலிகானும் வேண்டாம், செம்பை அரிக்கும்.

காலியாக விட்ட பைப்பை மறக்காதீர்கள். கேபிள் இல்லாததால் தண்ணீருக்கு அதுதான் தடையே இல்லாத பாதை. மூடி போட்டுவிடுங்கள். அறுத்த கேபிள் நுனியைக் குழியில் திறந்து போடுவதும் தவறு. கம்பி இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறி, கேபிளுக்குள்ளேயே நெடுந்தூரம் போய்விடும். இணைக்கும் நாள் வரை சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் மூடி போட்டு வையுங்கள்.

பெட்ரோல் ஆவி போல் தீப்பிடிக்கும் வாயு உள்ள இடத்துக்கு இந்த முறை பொருந்தாது. அதற்கான தனி சீலிங் ஃபிட்டிங்கை அந்த வேலை தெரிந்தவர் போட வேண்டும்.

கேபிளை இருபுறமும் கழற்றி வைத்து, இன்சுலேஷனை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெகரில் பார்த்து, வந்த அளவைப் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். 1 மெகா ஓம் என்பது கடைசி எல்லைதான். நல்ல கேபிள் அதைவிடப் பல மடங்கு காட்டும். முதல் பெருமழைக்குப் பிறகு மறுபடி அளந்து, பேனலையும் பாருங்கள். கேபிள்களுக்கு இடையே சொட்டினால் புட்டியைப் பிடுங்கிப் புதிதாக அடையுங்கள். கேபிள் நுனியில் கம்பியோடு தண்ணீர் வந்தால் எங்கோ உறை கிழிந்திருக்கும், அல்லது திறந்த நுனி வழியே தண்ணீர் ஏறியிருக்கும். பைப் வாயை எத்தனை முறை அடைத்தாலும் அது நிற்காது. அந்தக் கேபிளைத்தான் மாற்ற வேண்டும்.