மாட்டைத் தாண்டிப் படிக்காதீர்கள்: கௌபாய் காதல் நாவல் வாசிப்பில் நேரும் தவறுகள்

அமெரிக்காவின் மொன்டானாவிலோ வயோமிங்கிலோ ஒரு சிற்றூர். அதில் ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு மதுக்கடை, ஒரு தீவனக் கடை, ஒரு தேவாலயம். பெருநகரத்திலிருந்து வந்து இறங்கும் பெண். அதிகம் பேசாத பண்ணைக்காரன். இந்த வகை நாவலைக் கையில் எடுப்பவர்கள் செய்யும் முதல் தவறு, காதல் வரும் பக்கங்களைத் தேடிக்கொண்டு போய், வேலி கட்டுவதும் கன்று ஈனுவதும் வரும் பக்கங்களை விரலால் தள்ளிவிடுவது. இந்தக் கதாநாயகர்கள் வாயால் சொல்லாததையெல்லாம் வேலையில்தான் சொல்கிறார்கள். மாட்டை விட்டுவிட்டால் காதலில் பாதி போய்விடும்.

குளிர் மிகுந்த வட மாநிலங்களில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஈற்றுக் காலம். பழகிய பசுக்கள் பெரும்பாலும் தாமே ஈன்றுகொள்ளும். தொல்லை தருபவை தலையீற்றுக் கிடேரிகள். அவற்றை இரவில் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். முன்னங்கால்கள் இரண்டும் மூக்கும் முதலில் தெரிந்தால் கவலை இல்லை. கன்று பெரிதாகிச் சிக்கிக்கொண்டால் அதன் கால்களில் சங்கிலி மாட்டி, மாடு முக்கும்போது மட்டும் இழுப்பார்கள். கால் மடங்கியிருந்தால் முதலில் உள்ளே கைவிட்டு நேராக்க வேண்டும். அதற்கு முன் இழுத்தால் தாய்க்கும் ஆபத்து. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போயாக வேண்டும். ஒரு நாள் கடந்துவிட்டால் அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சத்தைக் கன்றின் குடல் உறிஞ்சாது. பனியில் விறைத்த கன்றை வீட்டுக் குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான நீரில் கிடத்தும் காட்சி வந்தால் மிகை என்று நினைக்காதீர்கள், உண்மையிலேயே செய்வதுதான். இரவு 2 மணிக்குத் தொழுவத்தில் அவள் கையில் டார்ச்சைக் கொடுத்து, "ஆடாமல் பிடி" என்கிறான் அவன். அந்த ஆளிடமிருந்து அதைவிடப் பெரிய காதல் வசனம் வரப்போவதில்லை.

அதனால் கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தை ஒட்டிக் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடுவார்கள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூலி வாங்காமல் வந்து கைகொடுப்பார்கள். அவர்கள் முறை வரும்போது இவர்கள் போவார்கள். ஊரே ஓரிடத்தில் கூடுவதால் வம்பும் பழைய பகையும் பெரும்பாலும் அங்கேதான் வெளியே வரும். ஜூலை, ஆகஸ்ட் புல் அறுப்பு. அறுத்த புல்லின் ஈரம் 15 முதல் 18 சதவீதத்துக்கு இறங்கினால்தான் கட்டு போட முடியும். அவசரப்பட்டுக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். கட்டுக்குள்ளே சூடேறித் தானாகத் தீப்பிடிப்பதும் உண்டு. எனவே ஆகஸ்டில் அவன் சாப்பிட வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனால், மேற்கே மேகம் கறுத்ததா என்று முந்தைய பத்தியைப் பாருங்கள். அன்பு குறைந்துவிட்டதென்று முடிவு கட்ட வேண்டாம். கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து விற்பது அக்டோபர், நவம்பரில். ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி அப்போதுதான் வருகிறது. வங்கிக் கடன் வரும் கதைகளின் முடிச்சு இலையுதிர்காலத்தில் இறுகுவதற்குக் காரணம் இதுதான்.

ஆங்கிலத்தில் 'ஹே' என்று வரும் அந்த அறுத்த புல்லை மனதுக்குள் 'வைக்கோல்' என்று மொழிபெயர்த்துக்கொள்வது ஒரு சின்னத் தவறு. வைக்கோல் கதிர் எடுத்த பிறகு மிஞ்சும் தாள். இது குளிர்காலத் தீவனத்துக்கென்றே வளர்த்துக் காயவைத்த புல். பல இடங்களில் குதிரை மசால். அது நனைந்துபோனால் பனிக்காலத்தில் மாடு பட்டினி.

5,000 ஏக்கர் என்று படித்ததும் ஜமீன்தாரைக் கற்பனை செய்துகொள்வதும் அடிக்கடி நடக்கிறது. அங்கே நிலத்தை 'செக்‌ஷன்' கணக்கில் சொல்வார்கள். ஒன்று 640 ஏக்கர், அதாவது ஒரு சதுர மைல். ஆனால் மழை குறைந்த மேய்ச்சல் நிலத்தில் ஒரு பசுவுக்கும் கன்றுக்கும் 25 ஏக்கர்கூடத் தேவைப்படலாம். வகுத்துப் பாருங்கள்: 200 பசுக்கள். ஒரு குடும்பம் இழுத்துப் பிடித்து வாழலாம், அவ்வளவுதான். நிலத்தின் விலை கோடிகளில் இருக்கும், கையில் காசு இருக்காது. அண்ணன் தம்பிகளில் ஒருவன் தன் பங்கை விற்கிறேன் என்றாலே வீடு ஆட்டம் காண்பது அதனால்தான். தண்ணீரும் அப்படியே. மேற்கு மாநிலங்களில் ஆற்று நீரை முதலில் பயன்படுத்தத் தொடங்கியவருக்கே முன்னுரிமை. வறட்சி வந்தால் பின்னால் வந்தவர் மதகை மூட வேண்டும். இரண்டு குடும்பங்கள் மூன்று தலைமுறையாகப் பேசாமலிருக்க இது போதும். இன்னொன்று: "உங்களுக்கு எத்தனை மாடு?" என்று கேட்பது அங்கே வங்கி இருப்பைக் கேட்பதற்குச் சமம். அந்தக் கேள்விக்குப் பிறகு மேசையில் மௌனம் விழுந்தால் ஏனென்று புரிந்துகொள்ளலாம்.

பேச்சிலும் கவனம் தேவை. 'மேம்' என்றால் நமக்கு டீச்சரோ மேலதிகாரியோதான் நினைவுக்கு வருவார். அங்கே அது எல்லாப் பெண்களுக்கும் பொதுவான மரியாதை. அதில் காதல் குறிப்பைத் தேடாதீர்கள். 'மேம்' நின்று பெயர் வரும் இடத்தில்தான் பென்சிலால் கோடு போட வேண்டும். கிராமப்புறத்தில் பலர் 'டின்னர்' என்பது மதியச் சாப்பாட்டை, இரவுக்கு 'சப்பர்'. மொன்டானாவில் 'அவுட்ஃபிட்' என்றால் வண்டியாகவும் இருக்கும். டெக்சாஸ் பண்ணையில் 'டேங்க்' என்பது மாடு தண்ணீர் குடிக்கும் குட்டை.

நாயகன் ரோடியோக்காரன், அதாவது துள்ளும் காளை மேலும் குதிரை மேலும் ஏறி உட்காரும் போட்டிக்காரன் என்றால் ஜல்லிக்கட்டுக் கண்ணோடு படிக்காதீர்கள். காளை மேல் 8 விநாடி ஒரே கையால் பிடித்து உட்கார வேண்டும். மற்றக் கை காளை மீதோ தன் மீதோ பட்டால் மதிப்பெண் இல்லை. மொத்தம் 100, அதில் பாதி காளைக்கு. துள்ளாத காளை கிடைத்தால் அவன் திட்டுவது ஏனென்று இப்போது தெரியும்.

அட்டையை நம்புவது பெரிய ஏமாற்றத்தில் முடியும். பொம்மைப் படம் போட்ட அட்டை என்பதால் உள்ளே சைவம் என்று எண்ணி வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பிறகு விழிப்பவர்கள் உண்டு. 'ஸ்வீட்', 'க்ளீன்', 'க்ளோஸ்ட் டோர்' என்று குறிப்பிட்டிருந்தால் மட்டுமே படுக்கையறைக் கதவு மூடியிருக்கும். 'ஸ்லோ பர்ன்' என்பது நெருக்கம் தாமதமாக வருவதைச் சொல்கிறது, அதன் அளவை அல்ல. பல நூல்களில் முதல் பக்கங்களிலேயே உள்ளடக்க எச்சரிக்கை இருக்கும். அதைத் தாண்டாமல் படியுங்கள்.

இருவரும் சேர்வார்களா என்ற கேள்வியோடு படிப்பதும் வீண். சேர்வார்கள், இந்த வகையின் ஒப்பந்தமே அதுதான். கேட்க வேண்டியது எப்படி என்பதை. முக்கால்வாசி தாண்டியதும் ஒரு பிரிவு வரும். கோபத்தில் புத்தகத்தை மூடாமல் மூன்றாம், நான்காம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். அவனோ அவளோ அங்கே ஒளித்த பயத்திலிருந்து இந்தப் பிரிவு முளைத்திருந்தால் நல்ல எழுத்து. ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும் குழப்பம் என்றால் எழுதியவரைத் தாராளமாகத் திட்டலாம்.

கடைசியாக வரிசை. இவை பெரும்பாலும் தொடர்கள். அண்ணனுக்கு ஒரு புத்தகம், தம்பிக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனியாக நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் மூன்றாவதை முதலில் படித்தால் முதல் இரண்டின் முடிவும் சமையலறைப் பேச்சிலேயே தெரிந்துவிடும். முன்கதையாக 0.5 என்று எண்ணிட்ட குறுநாவல் இருந்தால் அதை முதல் புத்தகத்துக்குப் பிறகு படிப்பதே சுவை. முடிவுரையில் வரும் திருமணத்தில் மூலையில் நின்று யாரோ இருவர் முறைத்துக்கொண்டிருந்தால் அடுத்த ஜோடி அவர்களே. மனதைப் பறிகொடுக்கும் முன், அந்தப் புத்தகம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.