ஒரு சோசியல் மீடியா நியூஸ் பேஜை நம்பலாமா வேணாமான்னு எப்படி கண்டுபிடிக்கிறது

ஒரு பேஜ் ஒரு பக்கமா சாயுதுங்கறது வேற, பொய் போடுதுங்கறது வேற. இதை ஒண்ணாப் போட்டு கொழப்பிக்கிறதுனாலதான் நெறய பேரு தனக்குப் பிடிக்காததைப் பேசுற பேஜ் எல்லாம் ஃபேக்குன்னு தள்ளிட்டு, பிடிச்ச பேஜ் என்ன அள்ளி விட்டாலும் ஷேர் பண்ணிட்டு இருக்காங்க. வெளிப்படையா ஒரு பக்கம் நின்னு பேசினாலும் தகவலை ஒழுங்கா குடுக்குற பேஜ் இருக்கு, பயோவுல "நடுநிலை"ன்னு போட்டுட்டு வாயில வந்ததை எழுதுற பேஜும் இருக்கு. அதனால ரெண்டையும் தனித்தனியா பாக்கணும்.

மொதல்ல நடத்துறது யாருன்னு பாருங்க. ஃபேஸ்புக்ல பேஜ் டிரான்ஸ்பரன்சின்னு ஒரு பகுதி இருக்கும், பேஜை எப்ப ஆரம்பிச்சாங்க, பேரை மாத்தியிருக்காங்களா, நடத்துறவங்க எந்த நாட்டுல இருக்காங்கன்னு அதுல வரும். நேத்து வரைக்கும் மீம் போட்டுட்டு இருந்த பேஜ் ஃபாலோயர் சேர்ந்ததும் நியூஸ்னு பேர் மாத்திக்கிட்டா அங்கயே மாட்டிக்கும். யூட்யூப்ல சில நாடுகள்ல, அரசாங்கப் பணத்துல நடக்குற சேனலோட வீடியோவுக்குக் கீழ அதைச் சொல்லி ஒரு குறிப்பு வரும், அதைத் தாண்டிப் போயிடாதீங்க. ப்ளூ டிக்கை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, ட்விட்டர்ல (இப்ப எக்ஸ்) 2023 ஏப்ரல்ல பழைய டிக்கை எல்லாம் புடுங்கினதுக்கு அப்புறம் அது பெரும்பாலும் சந்தா கட்டி வாங்குறதுதான்.

பேரு கம்பீரமா இருக்குங்கறதும் ஒண்ணுமில்ல. 2016 அமெரிக்கத் தேர்தல் நேரத்துல டென்வர் கார்டியன்னு ஒரு சைட் ஹிலரி கிளிண்டனைப் பத்தி ஒரு பொய்ச் செய்தியைப் போட்டு அது ஃபேஸ்புக்ல காட்டுத்தீ மாதிரி பரவுச்சு, பேரைக் கேட்டா ஏதோ பழைய பத்திரிகை மாதிரி இருக்கும், ஆனா அப்படி ஒரு பத்திரிகையே கெடையாது, அவங்க போட்டிருந்த அட்ரஸைத் தேடிப் போனா அங்க இருந்தது ஒரு பார்க்கிங் இடம். அதே தேர்தல்ல மாசிடோனியாவுல வெலெஸ்னு ஒரு ஊர்ல இருந்து நூத்துக்கும் மேல டிரம்ப் ஆதரவு சைட் ஓடுச்சு, நடத்துன பசங்கள்ல பலருக்கு அமெரிக்க அரசியல் மேல எந்த அக்கறையும் இல்ல, விளம்பரக் காசுக்காகப் பண்ணாங்க. சார்பு மாதிரி தெரியுறது சில சமயம் வெறும் வியாபாரம்தான்!

அடுத்தது, அந்தப் பேஜுக்குள்ளயே உக்காந்து ஆராய்ச்சி பண்ணாதீங்க, வெளிய வாங்க. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில சாம் வைன்பர்க், சாரா மெக்ரூன்னு ரெண்டு பேர் 2017ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், ஃபேக்ட் செக்கர்கள் (செய்தி உண்மையான்னு சரிபாக்குறதையே வேலையா வச்சிருக்கவங்க)னு மொத்தம் 45 பேர்கிட்ட சில வெப்சைட்டைக் குடுத்து நம்பலாமான்னு கேட்டாங்க. படிச்ச பேராசிரியர்கள்ல பலர் டிசைனையும் லோகோவையும் பாத்து ஏமாந்துட்டாங்க, ஃபேக்ட் செக்கர்கள் வேற டேப் திறந்து அந்த சைட்டைப் பத்தி மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு தேடி சீக்கிரமா சரியான முடிவுக்கு வந்தாங்க. நீங்களும் அதையே பண்ணுங்க, பேஜ் பேரோட "ஓனர்", "வழக்கு", "பொய்ச் செய்தி" மாதிரி வார்த்தையைச் சேர்த்துத் தேடிப் பாருங்க.

சார்பைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி, அவங்க எதைப் போடலன்னு பாக்குறது. அவங்க ஆதரிக்கிற தரப்புக்கு தர்மசங்கடமான ஒரு சம்பவத்தை எடுத்துக்கோங்க, அது நடந்த தேதிக்கு ஸ்க்ரோல் பண்ணிப் போங்க, ஊரே அதைப் பேசிட்டு இருந்தப்ப இவங்க சினிமா துணுக்கு போட்டுட்டு இருந்தாங்கன்னா விஷயம் முடிஞ்சுது. அப்புறம் கடைசி முப்பது போஸ்டோட தலைப்பை மட்டும் வரிசையாப் படிங்க. ஒரு தரப்பு ஆளு "விளக்கம் அளித்தார்", இன்னொரு தரப்பு ஆளு அதையே சொன்னா "மழுப்பினார்". ஒருத்தருக்கு சிரிச்ச போட்டோ, இன்னொருத்தருக்கு வாயைக் கோணிக்கிட்டு பாதியில புடிச்ச ஸ்க்ரீன்ஷாட். தனித்தனியா பாத்தா தெரியாது, வரிசையா பாத்தா பளிச்சுன்னு தெரியும்.

நம்பகத்தன்மைக்கு வேற டெஸ்ட். "ஆய்வில் அதிர்ச்சித் தகவல்"னு ஒரு போஸ்ட் இருந்தா அந்த ஆய்வையே போய்த் தேடிப் பாருங்க. யாரு எப்ப பண்ணதுன்னே போடலன்னா அதுவே ஒரு மைனஸ், ஒரிஜினல்ல "இருக்கலாம்"னு இருந்தது இங்க "உறுதி"ன்னு மாறியிருந்தா பெரிய மைனஸ். போட்டோ இருந்தா, அது முன்னாடி எங்க வந்துச்சுன்னு தேடித் தர்ற கூகுள் லென்ஸ்லயோ டின்ஐ (TinEye) சைட்லயோ போட்டுப் பாருங்க. வெள்ளம் வந்த ரோட்டுல சுறா நீந்துற படம் ஒண்ணு இருக்கு, 2011ல ஐரீன் புயலப்ப வந்த எடிட் பண்ண படம், 2017ல ஹார்வி புயலுக்கும் வந்துச்சு, அதை சரிபாக்காம போட்ட பேஜ் அடுத்த படத்தையும் சரிபாக்காது.

மீடியா பயஸ் ஃபேக்ட் செக், ஆல்சைட்ஸ் மாதிரி, செய்தி நிறுவனங்களை மதிப்பிடுற ரேட்டிங் சைட்டுகள் இருக்கு, உதவும்தான், ஆனா ஆல்சைட்ஸ் சார்பை மட்டும்தான் பாக்குது, தகவல் சரியா தப்பான்னு அது சொல்றதில்ல. சின்னப் பேஜ் எல்லாம் பெரும்பாலும் லிஸ்ட்லயே இருக்காது.

நான் அதிகமா மதிப்பு குடுக்குறது திருத்தத்துக்குத்தான். தப்பு எல்லாரும் போடுவாங்க. போஸ்டைச் சத்தமில்லாம டெலீட் பண்றாங்களா, இல்ல "இதுல இன்ன தகவல் தப்பு, மன்னிக்கவும்"னு போடுறாங்களா? பழைய தப்பு ஒண்ணு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அந்த போஸ்ட் இப்ப என்ன நெலமைல இருக்குன்னு போய்ப் பாருங்க, எடிட் ஹிஸ்டரி காட்டுற ஆப்னா அதையும் திறங்க. ஒரு தப்பை மரியாதையா சுட்டிக்காட்டி கமெண்ட் போட்டும் பாக்கலாம், திருத்துறாங்களா இல்ல உங்களை பிளாக் பண்றாங்களான்னு ஒரு நாள்லயே தெரிஞ்சிடும்.