பண்டிகை நாளில் நாய்க்கு நாம் செய்யும் தப்புகள்

தமிழ்நாடு, கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்குக் கொஞ்சம் வேலை கூடுதல். பொங்கல், தீபாவளி ஒரு பக்கம், ஓணம், விஷு இன்னொரு பக்கம், நாம் எதையும் விடுவதில்லை. எல்லாரும் குஷியாக இருக்கும்போது நாயை மட்டும் கூண்டில் போட யாருக்கும் மனசு வராதுதான். ஆனால் நமக்குப் பிடித்ததெல்லாம் அதற்கும் பிடிக்கும் என்று நினைத்து இழுத்துக்கொண்டு வரும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது.

அதிகம் தப்பு நடப்பது சாப்பாட்டில். சத்யா என்கிற ஓண இலை விருந்து முடிந்ததும் இலைகளில் மிஞ்சியதை வழித்து ஒரே தட்டில் போட்டு வைத்துவிடுகிறோம். அதில் சாம்பாரோடு சின்ன வெங்காயம் போகிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. அறிகுறி தெரியவே சில நாட்கள் ஆகலாம் என்பதால் சாம்பார் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை இன்னும் மோசம், சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். இவ்வளவு தின்றால்தான் ஆபத்து என்று நிச்சயமான அளவு கிடையாது; ஒரு நாய் கைப்பிடி தின்றுவிட்டுத் திரியும், இன்னொன்று கொஞ்சத்திலேயே படுத்துவிடும். அதனால் "போன வருஷமும் போட்டோமே, ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சு இங்கே எடுபடாது. தீபாவளிக்கு என்றால் வெந்த கோழி எலும்பு. சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். மட்டன் கொழுப்பும் நெய்ப் பலகாரமும் கணையத்தைப் பாதிக்கும். பொங்கலுக்கு நாம் துப்பும் கரும்புச் சக்கையை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளலாம்.

சரி, அப்போ என்ன போடுவது? ஓணக் கூட்டான எரிசேரிக்குப் பூசணி வேகும்போது, உப்பும் மிளகாயும் விழுவதற்கு முன் ரெண்டு கரண்டி எடுத்து ஆறவையுங்கள். சாதம், வெந்த கேரட், முட்டை, எலும்பில்லாத கோழி சேர்த்தால் அதற்கும் விருந்துதான். போட்டோவுக்காக வாழை இலையில் போடாதீர்கள், வாசனைக்கு இலையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

விளையாட்டுக்கும் ஒரு வழி சொல்கிறேன். ஓணத்துக்குப் பிள்ளைகள் பூக்களம் என்கிற பூக்கோலம் போடும்போது நாய் நடுவில் புகுந்து கலைப்பதும், அதைத் திட்டித் துரத்துவதும் எல்லா வீட்டிலும் நடப்பது. முற்றத்தின் இன்னொரு மூலையில் நாலைந்து தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் மட்டும் ஒரு கோழித் துண்டை வையுங்கள். மோந்து மோந்து ஒவ்வொன்றாகப் புரட்டும். கிடைத்ததும் அடுத்ததற்கு உங்கள் முகத்தைப் பார்க்கும். நாய்க்கு மூக்கு வேலைதான் திருவிழா. முடிந்ததும் சிரட்டைகளை எடுத்துவிடுங்கள், கடித்து உடைக்கும்.

அலங்காரத்துக்கு வருவோம். நேபாளத்தில் திகார் பண்டிகையின் இரண்டாம் நாள் நாய்களுக்கு மாலை போட்டுப் பொட்டு வைப்பார்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நம் ஆட்களும் மாலையோடு கிளம்பிவிட்டார்கள். போடுங்கள், ஆனால் அரளி கூடவே கூடாது. பூ, இலை, தண்டு எல்லாமே விஷம், இதயத்தைத் தாக்கும். 2024இல் கேரளக் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நிவேத்தியத்தில் அரளி வேண்டாம் என்று நிறுத்தியதே அந்தப் பயத்தில்தான். செண்டுமல்லி மாலை போதும். படம் எடுத்ததும் கழற்றிவிடுங்கள், நாரை விழுங்கிவிடும். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்த பெயிண்டில் மிச்சத்தை நாய் மேல் பூசும் வேலையும் வேண்டாம், நக்கித் தின்னும். ஜரிகைக் கரை போட்ட கசவு வேட்டி கட்டி வெயிலில் நிறுத்துவதைப் பற்றி நான் என்ன சொல்ல!

வெடிச் சத்தம்தான் பெரிய தலைவலி. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை என்றால் நாய்க்குச் சுமார் 45,000 வரை கேட்கும். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம். கேரளத்தில் இரவு 8 முதல் 10. எல்லையில் இருப்பவர்களின் நாய்க்கு இரண்டும் சேர்ந்து விழுகிறது. அங்கே அடங்கியதும் இங்கே ஆரம்பிக்கும். நேரத்தை யார் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. அப்புறம் மலையாள மீன மாசம் 20ஆம் தேதி, ஏப்ரல் தொடக்கத்தில், நெம்மாறை வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழாவின் வாணவேடிக்கை, அது முடிந்த கையோடு விஷு.

"பழகட்டும்" என்று மத்தாப்பு பக்கத்தில் பிடித்து நிறுத்துகிறார்கள். பழகாது, பயம்தான் ஏறும். வாசலில் சங்கிலியில் கட்டிப்போட்டால் கழுத்து இறுகும். அவிழ்த்துக்கொண்டு ஓடினால் தேடிப் பிடிப்பது கஷ்டம். வெளிச்சம் இருக்கும்போதே நடத்திக் கூட்டி வந்து, சாப்பாடு போட்டு, உள் அறையில் ஜன்னலை மூடி, ஃபேனும் டிவியும் ஓடவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் புகுந்தால் விட்டுவிடுங்கள், மடிக்கு வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சினால் பயம் கூடும் என்பது சும்மா பேச்சு. கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். ரொம்ப நடுங்குகிற நாய் என்றால் ஒரு வாரம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள்.

பண்டிகை நாளில் கால்நடை ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்று நம்பவும் வேண்டாம். கோயம்புத்தூரோ, திருச்சூர் பக்கம் கால்நடைக் கல்லூரி இருக்கும் மண்ணுத்தியோ, எங்கே போவது என்று முன்பே கேட்டு நம்பரை எழுதி வையுங்கள். ஏதாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் வைத்தியம் வேண்டாம், உப்பே அதற்கு விஷமாகிவிடும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மறுநாள் காலையில் நாயை அவிழ்ப்பதற்கு முன் முற்றத்தைக் கூட்டிவிடுங்கள், வெடிக்காத பட்டாசையும் வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கும்.