ரேம் காலியாக இருந்தும் ஃபோர்க் மறுக்கப்பட்டது

லினக்ஸில் சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) சேவையாக ஓடும் எங்கள் பைத்தான் நிரல், படங்களைச் சுருக்கத் துணை நிரல்களை ஃபோர்க் செய்து (புதிய புராசஸாக உருவாக்கி) தொடங்கும்போது, அதுவும் நெரிசல் நேரத்தில் மட்டும், 'ரிசோர்ஸ் டெம்பரரிலி அனவெய்லபிள்' என்று பிழை எண் 11 காட்டி நின்றுவிடும். ரேம் தாராளமாகக் காலியாக இருந்தது, ஸோம்பிகளும் (ஓடி முடிந்தும் பட்டியலிலிருந்து நீங்காத புராசஸ்கள்) இல்லை. ஷெல்லில் யூலிமிட்டை (அந்த ஷெல்லுக்கும் அதிலிருந்து தொடங்குபவைக்கும் மட்டுமான வள வரம்பு) உயர்த்தியது, எதிர்பார்த்தபடியே, சேவையைத் தொடவில்லை.

விடை லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவில், வெகு மேலே, ஒற்றை வரியாகக் கிடந்தது: புராசஸ் எண்ணிக்கைக்கு வரம்பிடும் பிட்ஸ் (pids) கன்ட்ரோலர் ஃபோர்க்கை மறுத்திருக்கிறது. ஒரு சிகுரூப்பில் (சேர்த்து வரம்பிடப்படும் புராசஸ் குழு) முதல் மறுப்பின்போது மட்டுமே இவ்வரி அச்சாகும் என்பதால், பிழை நேர்ந்த நேரத்தை ஒட்டித் தேடுபவர் கண்ணில் அது படாது. சேவையின் அமைப்புகள் உள்ள யூனிட் கோப்பில், இந்த எண்ணிக்கை வரம்பான டாஸ்க்ஸ்மேக்ஸ் 512 என்றிருந்தது. அந்தக் கணக்கில் திரெட்களும் (ஒரு புராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகள்) சேரும், சுருக்கும் நிரலோ சிபியு கோருக்கு ஒரு திரெட் திறக்கும். வரம்பை 4096 ஆக்கி, துணை நிரலை ஒற்றைத் திரெட்டில் ஓடவிட்டுச் சேவையை மறுதொடக்கம் செய்ததும் பிழை நின்றது, அப்பாடா!