பழுது வருமுன் பார்க்க நேரம் எடுப்பது எப்படி? எங்கள் பட்டறையில் செய்து பார்த்த முறை

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் பட்டறையில் எல்லா மெஷினையும் முழுசாகத் துடைப்போம். எண்ணெய் கசியும் ஹோஸ், லூஸான போல்ட், ஓரம் பிரிந்த பெல்ட் எல்லாம் அன்றைக்குத்தான் கண்ணில் படும். ஒரு வருடம் அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்தேன். பூஜை முடிந்ததும் ஆர்டர் நெருக்கடி வந்தது, தாள் மேஜை டிராயருக்குள் போனது. மார்கழியில் ஒரு நாள் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்து ஒரு மெஷின் ஒன்றரை நாள் நின்றது. தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியிலேயே அந்த ஹோஸ் இருந்தது.

தெரிந்தும் அதை மாற்ற நேரம் இல்லாமல் போனது எனக்கு மிகவும் உறுத்தியது. அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கோவையில் 8 சி.என்.சி. மெஷின் (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டுபவை), ஒரு கம்ப்ரசர், நான், ஒரு ஃபிட்டர், ஒரு டிரெய்னி, இவ்வளவுதான் எங்கள் அளவு. பி.எம். (பழுது வருமுன் செய்யும் பராமரிப்பு) செக்லிஸ்ட் எப்படித் தயாரிப்பது என்பதற்குள் போகவில்லை. மெஷினோடு வந்த மேனுவலிலேயே அது இருக்கும்.

படி 1: மெஷின் நிற்கும் நேரத்தை ஒரு மாதம் எழுதுங்கள்

பிரேக்டவுனை மட்டும் எழுதினால் போதாது. மெட்டீரியல் வரவில்லை, செட்டிங் மாறுகிறது, ஷிஃப்ட் மாறுகிறது என்று மெஷின் சும்மா நின்ற நேரத்தையும் எழுதுங்கள். நீங்கள் தேடும் நேரம் அதற்குள்தான் இருக்கிறது.

இதற்கு ஆப் வேண்டாம், எக்செல்லும் வேண்டாம். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு லாங் சைஸ் நோட்டு, நூலில் கட்டிய பேனா. கூலன்ட் (வெட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவம்) கையோடு ஆபரேட்டர் போனை எடுக்க மாட்டார், நோட்டில் எழுதிவிடுவார்.

படி 2: மூன்று தொல்லைகளை மட்டும் எடுங்கள்

திரும்பத் திரும்ப வருபவை மூன்று போதும். எங்களுக்கு அவை மெஷினின் மின் பேனல் சூடாகி வரும் அலாரம், காற்றழுத்தம் குறைவது, திங்கட்கிழமை காலையில் நாறும் கூலன்ட். ஐம்பது வரி செக்லிஸ்டோடு ஆரம்பித்தால் இரண்டாவது வாரமே பார்க்காமல் டிக் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

படி 3: நேரத்தைப் பிடிப்பது

நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். முதலில் சனிக்கிழமை மாலை 4 முதல் 6 வரை என்று போர்டில் எழுதிப் போட்டேன். ஐந்து வாரத்தில் ஒரு வாரம்கூட நடக்கவில்லை. "இன்னிக்கு லோடு போகணும்ங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார் முதலாளி. அவர் சொன்னதும் நியாயம்தான். வாரத்தின் மொத்த டிஸ்பாட்ச் அழுத்தமும் சனிக்கிழமை மாலையில்தான் வந்து நிற்கும். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது என் தவறு.

அப்புறம் படி 1-இல் எழுதிய நோட்டுகளைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது, மெஷின் எப்படியும் நிற்கிற மூன்று இடங்கள் தெரிந்தன.

ஒன்று, மதியம் 2 மணி ஷிஃப்ட் மாற்றம். எங்களிடம் அது தினமும் கால் மணி நேரம். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து துடைத்து, லூப் ஆயில் (உராய்வைக் குறைக்கும் எண்ணெய்) அளவு பார்த்து, கம்ப்ரசர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட இது போதும். பெரிய ஃபேக்டரிகளில் ஜே.எச். (ஜிஷு ஹோசென், ஆபரேட்டரே தன் மெஷினைப் பராமரிப்பது) என்று சொல்வது இதைத்தான். துடைப்பவர் கைக்குத்தான் கசிவும் அதிர்வும் முதலில் தெரியும் என்பதே அதன் அடிப்படை. ஜப்பானில் நிப்பான்டென்சோ நிறுவனம் 1971-இல் விருது வாங்கிய டி.பி.எம். (எல்லோரும் பங்கெடுக்கும் முழுமையான பராமரிப்பு) முறையின் ஒரு பகுதி அது.

இரண்டு, சாப்பாட்டு அரை மணி நேரம். மெஷின்கள் நின்றிருக்கும், கம்ப்ரசரில் காற்று இருக்கும், பட்டறை அமைதியாக இருக்கும். காற்றுக் கசிவின் 'உஸ்' சத்தம் காதில் விழுவது அப்போதுதான். சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் இருந்தால் இடத்தையும் கண்டுபிடித்துவிடலாம். ஃபிட்டரும் டிரெய்னியும் மாறி மாறிச் சாப்பிட்டுவிட்டு வாரம் ஒரு நாள் இதைச் செய்கிறார்கள்.

மூன்று, மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை. முன்கூட்டியே பேப்பரில் அறிவித்துவிடுவார்கள். காலை 9 மணிக்குப் போனால் மதியமோ மாலையோதான் வரும். முன்பெல்லாம் அன்றைக்கு ஆட்களுக்கு லீவு விடுவோம். இப்போது எங்கள் பெரிய வேலையெல்லாம் அன்றைக்குத்தான். உற்பத்தி எதையும் நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டியதே இல்லை.

படி 4: எந்த வேலை எந்த நேரத்தில்

இதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். மின்தடை நாள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லா வேலையையும் அதற்குள் திணித்தேன். அதில் ஒன்று, ஒரு மெஷினின் ஆப்சல்யூட் என்கோடர் (ஒவ்வொரு அச்சும் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சென்சார்) பேட்டரியை மாற்றுவது. ஸ்கிரீனில் 'பேட்டரி லோ' வந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாதபோது பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். மாலையில் மெஷினை ஆன் செய்தால் எந்த அச்சுக்கும் அதன் ஜீரோ இடம் தெரியவில்லை. வெளியிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்து ரெஃபரன்ஸ் செட் செய்து, முதல் பீஸ் சரியாக வர இரண்டு நாள் ஆனது. மெஷின் அணைந்திருக்கும்போது அந்த இடத்தை நினைவில் வைத்திருப்பதே அந்த பேட்டரிதான். கன்ட்ரோல் ஆனில் இருக்க, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டுத்தான் அதை மாற்ற வேண்டும்.

அதனால் இப்போது நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் 'கரண்ட் வேண்டும்', 'கரண்ட் கூடாது' என்று எழுதிவிடுகிறோம். பேட்டரி, ஹைட்ராலிக் பிரஷர், லூப் ஆயில் ஓட்டம் முதல் வகை. பேனல் சுத்தம், டெர்மினல் டைட், பெல்ட், கம்ப்ரசர் ஃபில்டர் இரண்டாவது வகை.

கரண்ட் இல்லை என்பதற்காகக் கையை வைத்துவிடாதீர்கள். எந்த நிமிடமும் வரலாம். மெயின் ஐசொலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவில் (மோட்டாரை இயக்கும் மின் யூனிட்) சார்ஜ் விளக்கு அணைந்தபின், மேனுவலில் சொன்ன நேரமும் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

பேனலைச் சுத்தம் செய்ய ஏர் கன் வேண்டவே வேண்டாம். இரும்புத் தூள் பறந்து டிரைவ் போர்டுக்குள்தான் போய் உட்காரும். ஒரு வேக்குவம் கிளீனர் வாங்கிவிடுங்கள். இன்னொன்று வாங்குவதானால் ரெஃப்ராக்டோமீட்டர், கூலன்ட் எவ்வளவு கெட்டி என்று காட்டும் கருவி. தண்ணீர் ஆவியாகி கூலன்ட் கெட்டியாகிறதா, வெறும் தண்ணீர் ஊற்றி நீர்த்துப்போகிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதில் வரும் அளவை, கூலன்ட் கம்பெனி தரும் எண்ணால் பெருக்க மறக்காதீர்கள்.

படி 5: ஒருவரை நகர்த்தாதீர்கள்

இந்த நேரத்தில் வேறு மெஷின் நின்றால் எல்லோரும் அங்கே ஓடிவிடுவோம், எடுத்த வேலை பாதியில் கிடக்கும். இப்போது மின்தடை நாளிலும் சரி, சாப்பாட்டு நேரத்திலும் சரி, ஃபிட்டர் ஆரம்பித்த வேலையை முடிக்காமல் நகர்வதில்லை. பிரேக்டவுனுக்கு நான் போவேன். முதலாளியிடம் இதை முன்பே பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன். அவரை ஒப்புக்கொள்ள வைத்தது என் பேச்சு இல்லை, ஒரு மாத நோட்டும் அந்த ஹோஸ் கதையும்தான்.

பிற்சேர்க்கை 1: அறிவித்த மின்தடை கடைசி நேரத்தில் ரத்தானால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எங்களுக்கும் நடந்திருக்கிறது. வேலைகளை மெஷின்வாரியாகப் பிரித்து வையுங்கள். ரத்தானால், அடுத்து செட்டிங் மாறும் மெஷினில் அதன் பங்கை மட்டும் முடித்துவிடலாம்.

பிற்சேர்க்கை 2: திருப்பூரில் தையல் யூனிட் பார்த்துக்கொள்ளும் ஒரு சகோதரி எழுதியது முக்கியமானது. அங்கே பீஸ் ரேட். கால் மணி நேரம் மெஷினைத் துடைத்தால் தைப்பவருக்குக் கூலி போய்விடும், யாரும் துடைக்க மாட்டார்கள். எங்களிடம் மாதச் சம்பளம் என்பதால் எனக்கு இது தோன்றவே இல்லை. அந்தக் கால் மணி நேரத்துக்கு அவரவர் சராசரிக் கூலியைத் தனியாகப் போட்டுத் தரச் சொன்னேன். ஒரு லைனில் மட்டும் ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். எப்படிப் போகிறது என்று அவர் எழுதியதும் இங்கே சேர்க்கிறேன்.