தொலைதூரத் தீவுகளில் அரிய தாவரங்களின் விதையைச் சேகரிக்கும் முறை

தீவுக்குப் புறப்படும் முன்பே, காலணியின் அடிப்பள்ளங்கள், காலுறை, பையின் மடிப்புகள், வெல்க்ரோ பட்டைகள் ஆகியவற்றில் ஒட்டியுள்ள மண்ணையும் அயல் விதைகளையும் தூரிகையால் நீக்குங்கள். உணவுப் பெட்டிகளை மூடிய அறையில் பிரித்து, எறும்போ எலியோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மொரிஷியசுக்கு வடக்கே உள்ள ரவுண்ட் தீவின் தாவரங்களைச் சீரழித்த ஆடுகளும் முயல்களும் மனிதர் கொண்டுவந்து விட்டவையே; அவற்றை முற்றாக அகற்றும் பணி 1986இல்தான் முடிந்தது.

முதல் முறை போகும்போது எதையும் பறிக்க வேண்டாம். செடிகளை எண்ணி, எது பூத்திருக்கிறது, எது காய்த்திருக்கிறது, எங்கே கடல் மணலை அரித்து வேரை வெளியே காட்டுகிறது என்று குறித்துக்கொள்வதே போதும்.

பறிக்கும் நாளில், ஓரிரு விதைகளைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே வெண்மையாகவும் கெட்டியாகவும் இருந்தால் விதை தேறும். சுருங்கியோ வண்டு துளைத்தோ இருந்தால் அன்று திரும்பிவிடுவதே நல்லது. அன்றைக்கு முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதை வங்கிகளின் பொது வரம்பு. விரல்விட்டு எண்ணக்கூடிய செடிகளே உள்ள இடத்தில் அதுகூட அதிகம் என்பது என் கருத்து. ஒவ்வொரு தாய்ச்செடியின் விதையையும் தனித்தனித் துணிப்பையில் இட்டு, உடனே பென்சிலால் சீட்டு எழுதுங்கள், ஏனெனில் கடற்காற்றின் ஈரத்தில் பேனா மை கலைந்துவிடும். பிளாஸ்டிக் பையில் விதை வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பெரும்பாலான விதைகளை 15 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் உலர்த்தி, மைனஸ் 20 டிகிரி செல்சியசில் வைக்கலாம். கண்டல் போன்ற சதுப்புநில மரங்களின் முளைக்கன்றுகளோ உலர்ந்தால் இறந்துவிடும் என்பதால், அவற்றை நேரே நாற்றங்காலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரே செடி மிஞ்சியிருந்தால் தண்டுத் துண்டுகளும் தேவைப்படும். இந்தியப் பெருங்கடலின் ரொட்ரிக்ஸ் தீவில், அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட கஃபே மாரோன் செடி ஒன்று மட்டும் பள்ளி மாணவர் ஒருவரால் கண்டுபிடிக்கப்பட்டது. 1986இல் அதன் துண்டுகள் லண்டனின் கியூ தோட்டத்துக்குச் சென்று வேர்பிடித்துப் பூத்தும், விதை கட்டவில்லை. சூல்முடியின் மேல்பகுதியை வெட்டி, வெட்டிய பரப்பில் மகரந்தத்தை வைத்துப் பார்த்த தோட்டக்கலைஞர் கார்லோஸ் மக்தலேனாவின் முயற்சிக்குப் பிறகே, 2003இல் விதை கிடைத்தது. ஆகவே பூ மலர்ந்த நாள், வெப்பநிலை, பூவில் வந்தமர்ந்த பூச்சி ஆகியவற்றையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

சேகரித்த விதையில் ஒரு பகுதி அந்தத் தீவின் நாற்றங்காலிலேயே இருக்கட்டும். செடி நிற்கும் துல்லியமான இடத்தை அங்குள்ள வனத்துறையிடம் மட்டும் கொடுத்து, நீங்கள் எழுதும் கட்டுரையில் தீவின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.